கை நின்ற இடம்

என் கணவருக்கு உடம்பு முழுக்கச் சின்னச் சின்னக் கட்டிகள். பிறவியிலேயே வந்த நரம்புக் கட்டி, தொட்டால் யாருக்கும் ஒட்டிக்கொள்ளாது. எழுபதுகளில் பாகூர் கடைத்தெருவில் அவரைப் பார்த்ததும் ஜனம் விலகி நிற்கும். எனக்குக் கோபம் பற்றிக்கொண்டு வரும். அவர் சிரிப்பார்.

சனிக்கிழமையானால் வயல் மோட்டார் கொட்டகையில் அவருக்கு எண்ணெய் தேய்த்துவிடுவேன். கட்டிகள் விரலுக்கடியில் மெத்தென்று நழுவும். ஒரு சனிக்கிழமை, இடது தோளுக்குக் கீழே ஒன்று மட்டும் கல்லாக இருந்தது. என் கை அங்கேயே நின்றது.

“இன்னாடி, கை நின்னுடுச்சி?”

“வலிக்குதாங்க?”

“கரும்புக்கட்டு தூக்கினது. நீ தேயி.”

கரும்பு வெட்டு முடிந்த பிறகுதான் புதுச்சேரி பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். இந்தக் கட்டிகளில் அபூர்வமாக ஒன்று புற்றாக மாறிவிடும் என்றார் டாக்டர். அறுத்தார்கள். மறுபடி முளைத்தது. அடுத்த கரும்பு வெட்டுக்கு அவர் இல்லை.

பிறகு மகனுக்கு எண்ணெய் தேய்த்துவிட்டேன். அவன் முதுகில் ஒரு கட்டியும் இல்லை, வழவழவென்று இருக்கும். கொடுத்துவைத்தவள் என்றார்கள். இருக்கட்டும். இடது தோளுக்குக் கீழே வந்ததும் என் கை தானாக நின்றுவிடும். இன்னாடி என்று கேட்கத்தான் ஆளில்லை.