அந்த பேஸ் கிட்டாரைச் செய்தவர் அன்வர் பாய்

அன்வர் பாய் இறந்துவிட்டார். அவர் கையால் செய்த பேஸ் கிட்டாருக்குக் கீழே, பெங்களூர் ஹால் ஒன்றில் இன்னமும் "தயாரித்தவர் தெரியவில்லை, ஜப்பானாக இருக்கலாம்" என்றுதான் எழுதி வைத்திருக்கிறார்கள்.

தெரியவில்லையாம். எனக்குத் தெரியும். மூன்று கடிதம் எழுதிச் சொன்னேன்.

இன்று மதியம் குருபரப்பள்ளியில் அவருக்கு மண் போட்டுவிட்டு வந்து இதை எழுதுகிறேன். கடைசி வரை படியுங்கள். எனக்கு உங்கள் உதவி வேண்டும்.

பாய் ஓசூர் சிப்காட்டில் ஒரு ஃபவுண்டரியில் பேட்டர்ன் மேக்கர். இரும்பை உருக்கி ஊற்றுவதற்கு முன்னால், அந்தப் பொருளை மரத்தில் அப்படியே செய்து கொடுக்கிற வேலை.

நான் பக்கத்துக் கம்பெனியில் லேத் ஆபரேட்டர். லீவு நாளில் கல்யாண ஆர்கெஸ்ட்ராவில் பேஸ் வாசிப்பேன். யாரும் சொல்லித் தரவில்லை... கேட்டுக் கேட்டு நானே பிடித்தது. கிட்டார் மட்டும் இரவல்.

ஒருநாள் பாய் அந்த இரவல் கிட்டாரை டேப் வைத்து அளந்து, ஒரு பேப்பரில் குறித்துக்கொண்டார். "மரம்தானேண்ணா, நாலு மாசம் குடுங்க" என்றார்.

கம்பெனியில் கழித்துப் போட்ட தேக்கு. லஞ்ச் டைமில் செய்தார். கழுத்து ஒருநாள், உடம்பு ஒருநாள் என்று சைக்கிள் கேரியரில் வெளியே வந்தது.

"கிட்டார் தலையில உங்க பேரைச் செதுக்குங்க பாய்" என்றேன்.

"பேரு போட்டா மொதல்ல சூப்பர்வைசர்தான் படிப்பாரு. அப்புறம் நீங்க வாசிங்க, நான் வேலையில்லாம உக்காந்து கேக்கறேன்."

அதனால்தான் அதில் பெயர் இல்லை. வேறு மர்மம் ஒன்றும் இல்லை.

கம்பி கட்டி வாசித்தால் சுருதி சுத்தம். ஆனால் என் விரலுக்கு ஏதோ நீளம். டேப் வைத்துப் பார்த்தேன். கம்பி நீளம் முப்பத்திநாலு இன்ச் இருக்க வேண்டியது, கால் இன்ச்சுக்கும் மேலேயே கூட இருந்தது.

பாய் தலையில் கை வைத்துக்கொண்டார்.

உருகிய இரும்பு ஆறும்போது சுருங்கும். அதற்காகவே பேட்டர்ன் மேக்கர் வைத்திருக்கிற ஸ்கேலில் கோடுகள் கொஞ்சம் தள்ளித் தள்ளி இருக்கும், நூற்றுக்கு ஒன்று கூடுதலாக. டேப்பில் எடுத்த அளவை, கைப்பழக்கத்தில் அந்த ஸ்கேலை வைத்து மரத்தில் கோடு போட்டிருக்கிறார். கழுத்து, அதன் மேல் ஃப்ரெட் பட்டைகள், எல்லாமே ஒரே கணக்கில் நீண்டதால் சுருதி மட்டும் தப்பவில்லை.

"கவலப்படாதீங்கண்ணா, ஆறினா சுருங்கிடும்" என்றார். சிரிக்காமல் சொன்னார். நான்தான் சிரித்தேன்.

என் விரல் மடங்காமல் போன பிறகு, பெங்களூரில் பழைய வாத்தியங்களைக் கண்ணாடிக்குள் வைக்கிற ஒரு ஹாலுக்கு அதைக் கொடுத்தேன். செய்தவர் பெயரைப் போடுவோம் என்று வாக்குக் கொடுத்தார்கள். அதற்காக மட்டும்தான் கொடுத்தேன்.

அவர்களுடைய எக்ஸ்பர்ட் அளந்து பார்த்துவிட்டு, இந்த அளவு எந்தக் கம்பெனியிடமும் இல்லை என்றாராம். ஆமாம் ஐயா, இல்லைதான். ஒரு ஃபவுண்டரி ஆளிடம்தான் இருக்கும்.

நேரில் போனேன். "ப்ரூஃப் ஏனாதரு இதெயா சார்?" என்று, ஆதாரம் ஏதாவது இருக்கிறதா என்று கன்னடத்தில் கேட்டார் மேனேஜர். என்னிடம் பேப்பர் எதுவும் இல்லை. அவரிடம் ஒன்று இருந்தது. கிட்டார் உறைக்குள் கிடந்த, எங்கள் ஆர்கெஸ்ட்ராவின் பழைய நோட்டீஸ். "ஜப்பான் பேஸ் கிட்டாருடன்" என்று கொட்டை எழுத்தில்.

அதை அச்சடிக்கச் சொன்னவன் நான்.

இதை இதுவரை எழுதியதில்லை. இன்று எழுதாமல் முடியாது.

சூளகிரியில் ஒரு ரிசப்ஷன். பொண்ணோட அப்பா, "கிட்டார் ஃபாரினா?" என்று கேட்டார். "ஜப்பான்" என்றேன். எங்களுக்குக் கூடமாட உதவ வந்த பாய், பக்கத்தில் ஒயர் சுற்றிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை. அவர் முகம் அப்போது எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியாது... நான் பார்க்கவில்லை.

திரும்பும்போது ஒரு டீக்கடையில் வேனை நிறுத்தி, "பாய், ஒரு டீ சொல்லுங்க" என்றேன்.

"ஜப்பான்காரன்கிட்ட கேளுங்கண்ணா, அவன் வாங்கித் தருவான்."

ஆனாலும் இரண்டு டீ சொன்னார். அதற்குப் பிறகும் நான் ஜப்பான் என்றே நோட்டீஸ் அடித்தேன்.

இன்று அடக்கம் முடிந்ததும், அவர் மகன் ரியாஸிடம் அந்த ஸ்கேலைக் கேட்டேன். கேட்கிற நேரமா அது... தெரியும். கேட்டேன்.

"வீடு மாத்தும்போது டூல்ஸ் பெட்டியப் பழைய இரும்புக்குப் போட்டுட்டோம் அங்கிள். அத்தா ஒண்ணும் சொல்லலையே" என்றான்.

அவர் எப்போது எதைச் சொன்னார்...

இனி ஆக வேண்டியது இதுதான்.

சூளகிரி, குருபரப்பள்ளி பக்கம் பழைய இரும்புக் கடை வைத்திருப்பவர்கள், இரண்டடி ஸ்டீல் ஸ்கேல், ஒரு மூலையில் அடையாளத்துக்கு பாய் அரத்தால் ராவிய வெட்டு இருக்கிறதா என்று பாருங்கள். உருக்க அனுப்பாதீர்கள். உங்கள் காலில் வேண்டுமானாலும் விழுகிறேன்.

எந்த ஃபவுண்டரியிலாவது பேட்டர்ன் ஷாப்பில் இருந்தவர்கள், உங்கள் ஸ்கேலோடு என்னுடன் பெங்களூர் வாருங்கள். கண்ணாடியைத் திறக்க வைத்து, அந்தக் கழுத்து மேல் வையுங்கள். சாதாரண டேப்பில் பொருந்தாத அளவு, அதில் கோட்டுக்குக் கோடு நிற்கும். ஒருவர் வந்தாலும் போதும்.

ரியாஸ், அத்தா வேலை செய்த ஐடி கார்டு கிடைத்தால் தூக்கிப் போடாதே.

ஹால் மேனேஜர், ஜப்பான் என்ற சொல்லை நாளையே எடுங்கள். பெயர் அன்வர், பேட்டர்ன் மேக்கர், ஓசூர். எழுத இடம் இருக்கிறது, பார்த்துவிட்டுத்தான் வந்தேன்.

நான், வருகிற ஞாயிறு அங்கே போய், ஜப்பான் என்றது பொய், சொன்னவன் நான் என்று எல்லோர் முன்னாலும் சொல்வேன். உள்ளே விடாவிட்டால் வாசலில் நின்று சொல்வேன்.

இன்று அடக்கம் முடிந்து வரும் வழியில் அதே டீக்கடையில் வண்டியை நிறுத்தினேன். வாய் தவறி இரண்டு டீ சொல்லிவிட்டேன்.

போய் வாங்க, பாய்.