தூக்குக்குண்டும் ரோஜாப்பூவும்

‘தூக்குக்குண்டு’ என்று தொழிலிடத்தில் அழைக்கப்பட்டவர், பிறப்பு 1971, மின்தூக்கி பழுதுபார்ப்பவர். மின்தூக்கி ஓடும் தண்டவாளம் செங்குத்தாக நிற்கிறதா என்று அறிய, உச்சியிலிருந்து நூலில் ஒரு குண்டைக் கட்டித் தொங்கவிடுவார்கள். அந்தக் குண்டைப் போலவே இவரும் மயிரிழையும் சாயமாட்டார் என்பது பெயர் வைத்தவர்களின் கருத்து. அவருடைய மனைவி மட்டும் அதை முழுதாக ஒப்புக்கொண்டதில்லை. “காத்தடிச்சா குண்டும்தான் ஆடும்” என்பார்.

மனைவிக்கு மருந்துக்கடையில் வேலை. மருந்துச்சீட்டில் இருப்பது மருத்துவரின் கையெழுத்தா, நோயாளி தானே போட்டுக்கொண்டதா என்று பார்த்த பிறகே மாத்திரையை எடுத்துத் தருவார். சந்தேகம் அவருக்குக் குணமன்று, உத்தியோகம். ஆகவே கணவர் கைபேசியைக் குப்புறக் கவிழ்த்து வைக்கத் தொடங்கிய முதல் வாரத்திலேயே அவர் மூக்கில் வேர்த்துவிட்டது.

கணவரோடு இணையாக வேலை செய்தவர் மனைவியின் தம்பி. ஒருவர் உச்சியிலுள்ள இயந்திர அறையில் இருந்தால், மற்றவர் கீழே கதவருகில் இருப்பார். அந்தத் தம்பி ஒருநாள் சாப்பிட வந்தபோது பேச்சுவாக்கில் ஒரு செய்தியை உதிர்த்தார்.

“அக்கா, அத்தான் இப்பல்லாம் மேல் அறையை விட்டு இறங்கறதே இல்ல. கூப்பிட்டா ‘சிக்னல் இங்கதான் நல்லா இருக்கு’ங்கறார்.”

“லிஃப்ட் ரிப்பேருக்கு எதுக்குடா சிக்னல்?”

“அதான் எனக்கும் புரியல. சோறு போடு.”

மனைவிக்கு அன்று சோறு இறங்கவில்லை. அடுத்த ஞாயிறு கணவர் குளிக்கப் போன நேரத்தில் கைபேசி மேசைமேல் சிணுங்கியது. எடுத்துப் பார்த்தார். அனுப்பியவர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு ரோஜாப்பூப் படம். கீழே: “மூணு நாளா உங்களைக் காணோமே, கோபமா? உங்களுக்குன்னு ஒண்ணு எடுத்து வச்சிருக்கேன்.”

மனைவி கத்தவில்லை. கள்ளச்சீட்டோடு வந்தவனிடம் கடையில் யாரும் கத்துவதில்லை, உள்ளே போய் மருத்துவருக்குப் போன் செய்வார்கள். அந்த எண்ணை மனத்தில் ஏற்றிக்கொண்டு, மறுநாள் கடைத் தொலைபேசியிலிருந்து அழைத்தார்.

தேன் வடியும் பெண் குரல். இன்னாருடைய மனைவி என்று சொன்னதும் எதிர்முனை பதறவில்லை, குளிர்ந்தது.

“அக்காவா! சார் உங்களைப் பத்தி நிறையச் சொல்லியிருக்கார். மருந்துக்கடையிலதானே இருக்கீங்க? பொண்ணுக்குப் பரீட்சை முடிஞ்சிடுச்சா?”

“நீ யாரும்மா?”

“சாரோட சிறப்பு உறுப்பினர் சேவை மேலாளர், அக்கா. நீங்களும் நம்ம ஆட்டத்துல சேர்ந்தா வரவேற்புப் பரிசு உண்டு. சேர்த்துவிடட்டுமா?”

கள்ளக்காதலி என்று எண்ணி அழைத்தவருக்கு, அது இணையச் சூதாட்ட நிறுவனம் ஆள் பிடிக்கும் குரல் என்று விளங்க ஒரு நிமிடம் பிடித்தது. ஒரு கணம் ஆறுதல்கூட வந்தது. அந்த ஆறுதலையும் அவர் உடனே சந்தேகித்தார்.

அன்று மாலை கேட்டபோது கணவர் சிரித்தார். “அட, பொண்ணுன்னு நெனச்சியா? அது வெறும் சீட்டாட்டம். பொறுப்பாத்தான் ஆடறேன். பாரு, நானே வரம்பு வச்சிருக்கேன்.” நாளுக்கு இவ்வளவு நேரம், வாரத்துக்கு இவ்வளவு பணம் என்று திரையில் ஒரு பக்கம் இருந்தது உண்மைதான்.

“முதல்ல வச்ச வரம்பு இதுதானா?”

கணவர் தண்ணீர் குடிக்க எழுந்தார். வரம்பு ஆறு முறை உயர்ந்திருந்தது. உயர்த்தும் வழியைப் படிப்படியாகச் சொல்லிக்கொடுத்தவள் ரோஜாப்பூ.

“எங்க கடைக்கும் ஒருத்தர் வருவார். தூக்க மாத்திரை அளவைத் தானே கூட்டிக்குவார். கேட்டா, அளவாத்தான் சாப்பிடறேன்ம்பார்.”

“ஒப்பிட வேற ஆளே கிடைக்கலையா? சரி, விட்டுடறேன், போதுமா?”

போதவில்லை. விட்டுவிட்டேன் என்று அவர் சொன்ன இரண்டு மாதமும், விடவில்லை என்பதற்கான தடயத்தை மனைவி தேடினார். கழிவறையில் எத்தனை நேரம், யாரைப் பார்த்துப் புன்னகை, மகள் கூப்பிட்டால் ஏன் இரண்டாம் முறைதான் காதில் விழுகிறது என்று எல்லாவற்றையும் நிறுத்துப் பார்த்தார். மகள் கேட்டே விட்டாள்: “அம்மா, நீ அப்பாவைப் பார்க்கிறியா, பரிசோதிக்கிறியா?”

தடயம் கடைசியில் தேடாத திசையிலிருந்து வந்தது. ஒரு மாலை தம்பி வந்து, தூசி தட்டும் தூரிகை ஒன்று இரண்டாக ஒடிந்திருந்ததை மேசைமேல் வைத்தார்.

“அக்கா, உன் தம்பிக்குப் பத்து விரலும் இருக்கு. எண்ணிக்கோ.”

நடந்தது இது. மின்தூக்கியின் கதவு திறந்திருந்தால் பெட்டி நகரக் கூடாது. அதற்கென ஒரு பாதுகாப்புச் சுற்று உண்டு. பழுது தேடும்போது மட்டும், மேலறையில் ஒரு குட்டி வயரை இடையில் செருகி, கதவு மூடியிருப்பதாக இயந்திரத்தை ஏமாற்றுவார்கள். வேலை முடிந்ததும் அந்த வயரைப் பிடுங்கிய பிறகே வழக்கமான ஓட்டத்துக்கு மாற்றவேண்டும். அந்தத் தொழிலில் முதல் நாள் சொல்லித்தரும் பாடம் அது. அன்று கணவர் வயரைப் பிடுங்காமலே மாற்றிவிட்டார். நான்காம் தளத்தில் திறந்த கதவின் அடியில் தம்பி தூசி துடைத்துக்கொண்டிருக்க, பெட்டி சத்தமின்றி மேலே கிளம்பியது. கையை இழுத்துக்கொண்டார், தூரிகையை இழுக்க முடியவில்லை.

“மேல ஓடிப் போய்ப் பார்த்தேன். ஒரு கையில சுவிட்ச், ஒரு கையில போன். நான் வந்ததுகூடத் தெரியல அத்தானுக்கு.”

கணவர் வாசலிலேயே நின்றிருந்தார். செருப்பைக் கழற்றவில்லை. “ஆபீஸ்ல நானே சொல்லிட்டேன்” என்றார். “லிஃப்ட் பக்கம் வேண்டாம், கிடங்குல உட்காருன்னுட்டாங்க. மறுபடி போகணும்னா, இணையா ஒருத்தன் சம்மதிக்கணுமாம்.”

எல்லோரும் தம்பியைப் பார்த்தார்கள். தம்பி அக்காவைப் பார்த்தார். “அக்கா நம்பட்டும். அப்புறம் நான் நம்பறேன்.”

கயிறு இவ்வாறு மனைவியின் கைக்கு வந்தது.

சூதாட்டத்தால் அவதிப்படுவோருக்கான உதவி எண்ணை மகள் தேடித் தந்தாள். கணவர் அழைக்குமுன் மனைவி கைபேசியைப் பிடுங்கிக்கொண்டார். “இது ரோஜாப்பூவோட தங்கச்சியா இருந்தா?” எதிர்முனையில் சளிபிடித்த ஓர் ஆண் குரல்.

“உங்களுக்குச் சம்பளம் யார் தர்றா?” என்பதே மனைவியின் முதல் கேள்வி.

“நியாயமான கேள்விம்மா” என்று தும்மிவிட்டு, யார் தருகிறார்கள் என்று அவர் சொன்னார். பெயர் கேட்கவில்லை; பரிசு எதுவும் எடுத்து வைத்திருக்கவில்லை. கணவரிடம் நீண்ட நேரம் பேசினார். ஆட்டத்தளத்துக்குள் மறுபடி நுழைய முடியாதபடி தன்னைத் தானே விலக்கிக்கொள்ளும் வசதியைப் பயன்படுத்த வேண்டும். அதை ரோஜாப்பூவிடம் கேட்டுச் செய்யக் கூடாது. வங்கியில் சொல்லி இத்தகைய தளங்களுக்குப் பணம் போகாதபடி தடுக்க வேண்டும். வாரம் ஒருமுறை, இதே சிக்கலில் இருப்பவர்கள் கூடும் இடத்துக்குப் போகவேண்டும். முடிவில் மனைவியிடம் கேட்டார்: “நீங்க தூங்கறீங்களாம்மா?”

“உங்களுக்கு எதுக்கு அது?” என்றார் மனைவி. கேட்டுவிட்டுச் சற்று அழுதார்.

சொன்னதெல்லாம் செய்யப்பட்டது. சந்தேகம் மட்டும் வீட்டைவிட்டுப் போகவில்லை. பழக்கப்பட்ட பூனைபோல் அடுப்படியில் சுருண்டு கிடந்தது. கணவர் ஒவ்வொரு மாலையும் கைபேசியைத் திறந்து நீட்டுவார். மனைவி பார்ப்பார். ஒன்றும் இராது. ஒன்றும் இல்லாததே அவரை உறுத்தும். தம்பி வாரந்தோறும் கேட்பார்: “என்னக்கா?” “இன்னும் இல்லடா.”

அடுத்த ஆண்டு மார்ச்சில் ஒரு நண்பகலில், மருந்துக்கடை வரிசையில் கடைசி ஆளாகக் கணவர் நின்றிருந்தார். முறை வந்ததும் மெல்லச் சொன்னார்: “நேத்து ஆடிட்டேன். கிடங்குல ஒருத்தனோட போன்ல. புதுத் தளம். நீ என் போனை எவ்வளவு பார்த்தாலும் தெரிஞ்சிருக்காது.”

மனைவி அவர் முகத்தைச் சீட்டைப் படிப்பதுபோல் படித்தார். “எதை மறைக்கறதுக்கு இதைச் சொல்றீங்க?”

“உனக்குக் கண்டுபிடிக்க வழியே இல்லன்னு தோணிச்சு. அதுதான் பயமா இருந்துச்சு. அந்த நம்பருக்குப் போடு. பேசறேன்.”

பின்னால் வந்து நின்ற கிழவர் இருமினார். “சீக்கிரம்மா, எனக்கும் வியாதிதான்.” மனைவி அவரை உட்காரச் சொல்லிவிட்டு, கணவரைக் கல்லாவுக்குப் பின்னால் அழைத்துக் கடைத் தொலைபேசியை நீட்டினார். அதே சளிக்குரலோ வேறு குரலோ, அவர் காதைக் கொடுக்கவில்லை. கிழவருக்கு மாத்திரை எண்ணப் போய்விட்டார்.

கண்டுபிடிப்பதற்கு முன்பே கணவர் வாயால் வந்த முதல் உண்மை அது. பொய் சொல்ல நல்ல வசதி இருந்தும் வந்தது. இதற்கு மேல் ஒரு சான்று எந்தக் கையெழுத்திலும் கிடைக்காது என்று மனைவிக்குப் பட்டது. ஆனாலும் அவசரப்படவில்லை. கணவர் எல்லா வாரமும் கூட்டத்துக்குப் போய் வந்தார். கோடை முடியும் நேரத்தில் தம்பி வழக்கம்போல் “என்னக்கா?” என்றபோது, மனைவி கறிகாய் நறுக்குவதை நிறுத்தவில்லை.

“கூடப் போடா. ஆனா கண்ணை மூடிக்கிட்டுப் போகாத.”

மறுவாரம் இருவரும் சேர்ந்து வேலைக்குக் கிளம்பினார்கள். தூக்குக்குண்டு கடைசியாகச் சூதாடியது 2022 மார்ச் 8, செவ்வாய்க்கிழமை.