கப்பிக்கு இரண்டாவது பிடி

தீபாவளிக்கு முந்தைய வியாழக்கிழமை. மழை விட்டு இரண்டாம் நாள். குளத்தூர்ப் பக்கம் நான் பராமரிப்பு மேற்பார்வையாளராக இருந்த கல்குவாரியில், பன்னிரண்டு டன் கல் ஒன்று குழியின் சேற்றில் சிக்கிக்கொண்டது. மேலே பாறையில் ஒரு கம்பி அடித்து, அதில் கப்பியை மாட்டியிருந்தார்கள். கல்லிலிருந்து போன வயர் ரோப், கப்பியைச் சுற்றிக் கீழே இருந்த இழுவை எந்திரமான விஞ்சுக்குத் திரும்பி வந்தது. மேலே கம்பி பிடுங்கிக்கொண்டு வந்தால் கப்பி நேரே விஞ்சை நோக்கித்தான் பறக்கும். மற்றவர்களை விலக்கி நிறுத்தலாம். விஞ்சை ஓட்டும் முருகேசன் சீட்டை விட்டு எழ முடியாது.

சேற்றையும் சரிவையும் சேர்த்துக் கணக்கிட்டேன். ரோப்பில் எட்டு டன் இழுவை வந்தது. கப்பியில் ரோப்பின் இரண்டு பக்கமும் இழுப்பதால் கம்பியின் மேல் பதினாறு டன்.

"கப்பிய ஒரு ஸ்லிங் போட்டுத் தனியா கட்டணும்" என்றேன். ஸ்லிங் என்பது சுற்றிக் கட்டும் கனமான இரும்பு வடம்.

"அதே கம்பியில மாட்டிட்டாப் போச்சு சார்" என்றார் முருகேசன். "கொஞ்சம் லூசா விடுங்க, அப்பத்தான் கப்பி திரும்பும்."

எங்கள் குவாரிகளில் வழக்கமே அதுதான். கம்பி போனால் ஸ்லிங்கும் கூடவே போகும். தொங்கலாக விட்டால் கப்பி வேகமெடுத்த பிறகே ஸ்லிங் விறைக்கும். அப்போது வெட்டி இழுக்கும் விசை பல மடங்காகும். தொங்கலே இல்லாவிட்டாலும் திடீரென்று ஏறும் சுமை இரட்டிப்பாகும். ஆகவே முப்பத்திரண்டு டன் தாங்கும் ஸ்லிங் வேண்டும். அது பக்கத்துக் குவாரியில்தான் இருந்தது.

முதலாளி கடிகாரத்தைப் பார்த்தார். "லாரி வந்து நிக்கிது. ஒங்க கணக்கு முடியிறதுக்குள்ள கல்லு தேஞ்சு போயிரும் சார்."

"தேயட்டுங்க. முருகேசன் தேயக்கூடாது."

"அட, என்னைய ஏன் சார் இழுக்கிறீங்க" என்று முருகேசன் சிரித்தார்.

முதலாளி முனகிக்கொண்டே ஆள் அனுப்பினார். ஸ்லிங் வரப் பிற்பகலாகிவிட்டது. தள்ளி நின்ற, விரிசல் இல்லாத வேறொரு பாறையைச் சுற்றி அதைப் போட்டு, கப்பியோடு தொங்கலின்றி இறுக்கினோம்.

விஞ்ச் உறுமியது. கல் அசைந்தது. அடுத்த நொடி மேலே வெடிபோல ஒரு சத்தம். மழையில் ஊறிய விரிசல் பிளந்து கம்பி பிடுங்கிக்கொண்டு வந்தது. கப்பி ஒரு சாண் நகர்ந்து, ஸ்லிங்கில் அதிர்ந்து நின்றது.

முருகேசன் எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கினார். அவர் சட்டைப்பையில் போன் அடித்தது. மனைவி.

"இல்ல, இன்னும் சாப்பிடல" என்றார். "எடுத்து வையி. இந்தா வாரேன்."

முதலாளி லாரி டிரைவரிடம் போய், "நாளைக்கு வாங்க" என்றார்.

தாங்கும் பிடி ஒரு பாறையில் என்றால், அது போனால் காக்கும் பிடி வேறு பாறையில் இருக்க வேண்டும். இதை நான் பலருக்குச் சொல்லியிருக்கிறேன். முருகேசனுக்குச் சொல்லத் தேவைப்படவில்லை. அன்றிலிருந்து, "ரெண்டாவது பிடி எங்கிட்டு?" என்று கேட்டு, மேலே ஏறிக் கையால் தொட்டுப் பார்த்த பிறகுதான் அவர் சீட்டில் உட்கார்ந்தார்.