மூன்றாவது இடத்தில் எவ்வளவு தண்ணீர்

விமான நிலையத்தில் அவளுக்கு ஸ்கேல் அக்கா என்றுதான் பெயர். அம்மா அப்பா வைத்த பெயர் அடையாள அட்டையில் சும்மா தூங்குகிறது. மழை விட்டதும் மஞ்சள் ஜீப்பை எடுத்துக்கொண்டு ஓடுபாதையில் போவாள். மூன்று இடங்களில் இறங்கிக் குனிந்து, எஃகு ஸ்கேலைத் தரையில் நிறுத்தி, தேங்கிய தண்ணீர் எத்தனை மில்லிமீட்டர் என்று பார்ப்பாள். ரேடியோவில் கட்டுப்பாட்டுக் கோபுரத்துக்குச் சொல்வாள். கோபுரம் விமானிக்குச் சொல்லும். இதற்குப் போய் ஒரு ஆளா என்று சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளட்டும். நூறு டன் இரும்பு ஆகாயத்திலிருந்து இறங்கலாமா வேண்டாமா என்று தீர்மானிப்பதில் அந்த ஸ்கேலுக்கும் ஒரு பங்கு உண்டு, ஆமாம்!

பத்தொன்பது வருஷமாகியும் ஒவ்வொரு விமானம் இறங்கும்போதும் வாயைப் பிளந்துகொண்டு பார்ப்பாள். அவள் வீட்டுக்காரர் பஞ்சர் கடை வைத்திருப்பவர்; கிண்டலுக்குக் கேட்க வேண்டுமா?

"என்னமோ நேத்துதான் ஏரோப்ளேன பாத்தவ மாதிரி!"

"தினம் பாக்கறேன். அது எப்படிப் பறக்குதுன்னு இன்னும் எனக்கு நம்பிக்கை வரலைங்க" என்பாள்.

அன்றைக்கு மதியம் மழை கொட்டு கொட்டென்று கொட்டிவிட்டு நின்றது. ஜீப்பை எடுத்தாள். முதல் இடத்தில் இரண்டு மில்லிமீட்டர். இரண்டாவது இடத்திலும் இரண்டு. ஓடுபாதையின் கடைக்கோடியில் இருக்கிற மூன்றாவது இடத்துக்குப் போய்க்கொண்டிருந்தபோது கோபுரம் கூப்பிட்டது.

"ஸ்கேல் அக்கா, சரக்கு விமானம் ஒண்ணு நெருங்கிடுச்சு. சட்டுனு வெளிய வந்துடுங்க."

அந்த ஜீப்பை ஓட்டுகிற எல்லோருக்கும் ஒரு பழக்கம். அவசரமென்றால் இறங்க மாட்டார்கள். சக்கரத்தில் தண்ணீர் அடிக்கிற சத்தத்தைக் காதால் கேட்டே இத்தனை என்று சொல்லிவிடுவார்கள். சரியாகவும் இருக்கும். வம்பே அதுதான்! நூறு தடவை காது சொன்னது பலித்துவிட்டால் அப்புறம் எவர் முதுகு வளையும்? அவளும் காதைக் கொடுத்தாள். "மூணு இடத்துலயும் ரெண்டு" என்று சொன்னாள். வெளியே வந்து பதிவேட்டிலும் அப்படியே எழுதினாள்.

சிறிது நேரத்தில் விமானம் வந்தது. வழக்கம்போல ஜீப்பில் சாய்ந்து நின்று பார்த்தாள். தொட வேண்டிய இடத்தில் சக்கரம் தரையைத் தொடவில்லை. மிதந்தபடியே போய், ஓடுபாதையில் மூன்றில் ஒரு பங்கு கழிந்த பிறகு தொட்டது. பிறகு நிற்கவே இல்லை. வேலியை நூல் அறுக்கிற மாதிரி அறுத்துக்கொண்டு, சாலையைக் கடந்து, எதிரே வெறும் பொட்டலில் மூக்கைக் குத்தி நின்றது. கடவுளே! ஐந்து நிமிஷம் முன்னால் அந்தச் சாலையில் ஒரு பள்ளிப் பேருந்து போயிருந்தது. விமானிகள் இரண்டு பேரும் உயிரோடு இருக்கிறார்கள், கேப்டனுக்குக் கால் எலும்பு முறிந்திருக்கிறது என்று ரேடியோவில் கேட்டபோது, ஈரத்தரையிலேயே உட்கார்ந்து அழுதாள்.

ஊர் வாய் சும்மா இருக்குமா? கேப்டன் தலையில் பழியைப் போட்டுவிட்டது. "பிரேக் மிதிச்சேன், பிடிக்கல" என்று அவர் படுக்கையிலிருந்தே சொன்னார். பிரேக்கைக் கழற்றிச் சோதித்தார்கள். எந்தப் பழுதும் இல்லை. ஆக, மனுஷன் பொய் சொல்கிறார் என்று முடிவாயிற்று.

நான்காம் நாள் விசாரணை அதிகாரி அவளை வரச்சொன்னார். கிளம்பும்போது வீட்டுக்காரர் வாசல் வரை வந்தார்.

"எழுதினது எழுதினதாவே இருக்கட்டும். நீ இறங்கலன்னு எவன் பாத்தான்? வேலை போச்சுன்னா பத்தொன்பது வருஷமும் தண்டம்."

அவள் செருப்பை மாட்டிக்கொண்டு நடந்தாள்.

அதிகாரி ஒல்லியான மனிதர். ஓடுபாதையின் கடைக்கோடியில், அந்த மூன்றாவது இடத்தில், கால்சட்டை முட்டியில் தார் ஒட்ட மண்டியிட்டிருந்தார். அவருக்கு முன்னால் கறுப்புத் தளத்தில் இரண்டு வெள்ளைக் கோடுகள் நெடுக ஓடின.

"இது என்னன்னு தெரியுதாம்மா?"

"பெயின்ட் சிந்திடுச்சா சார்?"

"தண்ணிம்மா இது. இங்க சக்கரம் தரையில பிடிக்கவே இல்ல. நடுவுல தண்ணி புகுந்து விமானத்தைத் தூக்கிடுச்சு. உரசின சூட்டுல அந்தத் தண்ணி ஆவியாகி, தளத்தையே வெளுத்து விட்டிருக்கு."

அடேயப்பா! அவள் குனிந்து அந்தக் கோட்டைத் தடவிப் பார்த்தாள். சுண்டுவிரல் நகம்கூட முழுகாத தண்ணீர் நூறு டன்னைத் தாங்கிக்கொண்டு போயிருக்கிறது! போனதோடு விடாமல், போனேன் என்று சாட்சியும் எழுதி வைத்திருக்கிறது. அதை இந்த மனிதர் கடிதம் படிக்கிற மாதிரி படிக்கிறார். அவளுக்கு மயிர்க்கூச்செறிந்தது.

அதிகாரி எழுந்து முட்டியைத் தட்டிக்கொண்டார்.

"காத்து பின்னாலேர்ந்து தள்ளியிருக்கு. இறங்கினதும் லேட்டு. டயரும் தேஞ்சிருக்கு. ஒண்ணுன்னு சொல்ல முடியாது, எல்லாம் சேந்தும் இருக்கலாம். ஆனா நீங்க இங்க ரெண்டுன்னு எழுதியிருக்கீங்க. ரெண்டுல இப்படி மிதக்கறது கஷ்டம். கோடு மட்டும் சாட்சியாப் போதாது. உங்க ரெண்டு சரின்னா, கேப்டன் பிரேக்கை ஒழுங்கா மிதிக்கலன்னுதான் நான் எழுதணும்."

வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். வேலை தப்பிக்கும். யாரும் பார்க்கவில்லை. அவள் அந்த வெள்ளைக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். தண்ணீரே உள்ளதைச் சொல்லிவிட்டுப் போன இடத்தில் நின்றுகொண்டு பொய் சொல்ல அவளுக்கு நாக்கு வரவில்லை.

"நான் இங்க இறங்கல சார். அளக்கல. சத்தத்தை வெச்சு சொல்லிட்டேன்."

அதிகாரி பேனாவைத் திறந்தார். எழுதி முடிக்கிற வரை நிமிரவே இல்லை.

ஜீப் சாவியை அன்றே வாங்கிக்கொண்டார்கள். வேலி ஓரம் புல் வெட்டுகிறவர்களை மேற்பார்க்கும் வேலைக்கு மாற்றினார்கள். வீட்டுக்காரர் இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் அவரே டீ போட்டுக் கொண்டுவந்து கொடுத்தார். அறிக்கை ஒரு வருஷம் கழித்து வந்தது. காரணமாக இருக்கக்கூடியவை என்று அதில் ஐந்து இருந்தன. பின்காற்று, தாமதமாகத் தரை தொட்டது, திரும்ப மேலே ஏறிப் போகாதது, தேய்ந்த டயர், கடைசியில் அளக்காத தண்ணீர்.

அடுத்த வாரம் பஞ்சர் கடைக்கு ஊன்றுகோலுடன் ஒருவர் வந்தார். கேப்டன் என்று சொன்னதும், கடையில் இருந்த அவள் எழுந்துவிட்டாள். வீட்டுக்காரர் ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். திட்டத்தான் வந்திருக்கிறார், திட்டட்டும் என்று அவள் தலையைக் குனிந்து நின்றாள்.

"லேட்டா இறங்கினது நான்தாம்மா. மேல ஏறிப் போயிருக்கணும், போகல. அதை நான் மறைக்கல" என்றார் அவர். "ஆனா பிரேக் மிதிச்சேன்னு சொன்னதை என் சம்சாரம்கூட நம்பல. நீங்க சொன்னப்புறம்தான் நம்பினா."

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. இப்படிக்கூட ஒரு மனுஷன் இருப்பானா!

அவர் முறிந்த காலைத் தடவிக்கொண்டார். பிறகு, தூக்கம் கெட்டவர் கேட்கிற மாதிரி கேட்டார்.

"நிஜமா அங்க எவ்வளவு தண்ணி இருந்திருக்கும்மா?"

நாலு என்றோ ஐந்து என்றோ சொல்லியிருந்தால் அவர் நிம்மதியாகப் போயிருப்பார்.

"தெரியாதுங்க" என்றாள். "அதைத் தெரிஞ்சுக்கறதுக்குன்னே அன்னிக்கு உலகத்துல ஒரே ஒரு ஆளைத்தான் வெச்சிருந்தாங்க. அது நான்."