கோட்டுப் பைக்குள் அடங்கும் லென்ஸ்

ரயிலில் டிக்கெட் பரிசோதிப்பவருக்கு இரண்டு கைகளும் வேண்டும். ஒன்று மெஷினுக்கு, மற்றொன்று கம்பியைப் பிடிக்க. பணி நேரத்தில் தோளில் பையோ கையில் சாப்பாட்டு டப்பாவோ இருக்கக் கூடாது என்பது விதி. ஆகவே, சக ஊழியர்கள் 'கண்ணாடி' என்று கூப்பிடும் அந்தப் பெண்மணி வண்டிக்குள் கேமரா கொண்டுபோக வேண்டுமென்றால், அது சீருடைக் கோட்டின் வலது பைக்குள் அடங்க வேண்டும். கேமரா அடங்கியது. லென்ஸ்தான் அடங்கவில்லை.

அவருக்கு அந்தக் கேமரா பொழுதுபோக்கு அல்ல. வலது முழங்கால் தேய்ந்துவிட்டது. அதிகம் நிற்காதீர்கள் என்றார் மருத்துவர். டிக்கெட் பரிசோதகரிடம் நிற்காதே என்பது மீனிடம் நனையாதே என்பது போல. உட்கார்ந்து பார்க்கும் வேலைக்கு மனு மேல் மனு போட்டார், ஒன்றும் நகரவில்லை. அப்போதுதான் ரயில்வேயின் விளம்பரப் பிரிவிலிருந்து ஓர் அறிவிப்பு வந்தது. பிரிவுக்குப் புகைப்படக்காரர் ஒருவர் தேவை, ஊழியர்களிலிருந்தே எடுப்போம், பெரும்பாலும் மேஜை வேலை. பயணிகள் இயல்பாக இருக்கும் பத்துப் படங்களை வண்டிக்குள்ளிருந்தே எடுத்து வெள்ளிக்கிழமை மாலைக்குள் தர வேண்டும். போனில் எடுத்தது செல்லாது. பணிக்கு இடையூறு கூடாது.

'கண்ணாடி'யிடம் டிஜிட்டல் ரேஞ்ச்ஃபைண்டர் ஒன்று இருந்தது. ஒரு கல்யாணப் புகைப்படக்காரர் வைத்திருந்தது. "இவ்ளோ சின்ன கேமராவா?" என்று வாடிக்கையாளர்கள் முகம் சுளித்ததால் அவர் கைமாற்றிவிட்டார். அந்த வகைக் கேமராவில் லென்ஸ் வழியாகப் பார்ப்பதில்லை. மேல் மூலையில் தனியாக ஒரு சிறு ஜன்னல் இருக்கும். அதில் பார்த்தால் நடுவில் ஆள் இரண்டு ஆளாகத் தெரிவார். வளையத்தைத் திருப்பி இரண்டையும் ஒன்றாக்கினால் ஃபோகஸ் சரி. சத்தமும் மிகக் குறைவு. இயல்பான படங்களுக்கு இதைவிடத் தோதான கேமரா கிடையாது.

ஆனால் அதோடு வந்த லென்ஸ் தண்ணீர் டம்ளர் அளவுக்கு இருந்தது. ஜன்னலில் பார்த்தால் கீழ் மூலையை அதுவே அடைத்துக்கொள்ளும், சினிமா கொட்டகையில் முன் வரிசைக்காரர் தலை போல.

"லென்ஸைச் சின்னதாக்க ஏன் இப்படி அலையுற? பையைப் பெருசாத் தைச்சா தீர்ந்துது" என்றார் மாமியார். வீட்டு முன்னறையில் தையல் மெஷின் போட்டு, பாதி ரயில்வேக் குடியிருப்புக்குச் சீருடை திருத்திக் கொடுப்பவர். உலகில் எந்தச் சிக்கலும் ஓரங்குலம் துணி விட்டால் சரியாகிவிடும் என்று நம்புகிறவர்.

"அத்தை, பை பெருசானா கோட்டு ஒரு பக்கமாத் தொங்குமே."

"தொங்கட்டும். உன் காலும் ஒரு பக்கமாத்தானே நடக்குது?"

பை பெரிதானது. டம்ளர் உள்ளே போனது. மறுநாள் காலை வண்டியில் அதை வெளியே எடுத்ததும் எதிரே இருந்த வரிசை முழுவதும் நிமிர்ந்து உட்கார்ந்தது. ஒருவர் தலை வாரிக்கொண்டார். ஓர் அம்மாள் கைப்பையால் முகத்தை மூடிக்கொண்டு, "டிக்கெட் எடுத்துட்டேம்மா, போட்டோ எல்லாம் எதுக்கு?" என்றார். இடப் பிரச்சினை மட்டுமல்ல இது என்று 'கண்ணாடி'க்குப் புரிந்தது. லென்ஸ் பார்வைக்கே சிறியதாக இருக்க வேண்டும். அன்று மாலையே மாமியார் பல்லைக் கடித்துக்கொண்டு பையைப் பழையபடி பிரித்துத் தைத்தார். முணுமுணுப்பு சாப்பாடு வரை நீடித்தது.

நிலையத்துக்கு வெளியே, மாடியில், லென்ஸ் வாடகைக்கு விடும் கடை இருந்தது. கடைக்காரர் பேச்சில் வல்லவர். கேட்ட கேள்வியைத் தவிர எல்லாவற்றுக்கும் பதில் சொல்வார்.

"மேடம், முப்பத்தஞ்சு எம்.எம். லென்ஸ் எடுத்துக்கோங்க. பிஸ்கட் மாதிரி இருக்கும். பழைய லென்ஸ், ஆனா கண்ணாடி அருமை."

"பக்கத்துல இருக்கற ஆள எடுக்கலாமா?"

"இதுல எடுத்த படத்தப் பார்த்தா கண்ணு கலங்கிடும் மேடம்."

கண் கலங்கியது உண்மைதான், வேறு காரணத்துக்காக. அந்த லென்ஸ் ஒரு மீட்டருக்கு உள்ளே எதையும் கூர்மையாகக் காட்டாது. வண்டியிலோ காலை எட்டு மணிக்கு எல்லோரும் ஒருவர் மூச்சை ஒருவர் வாங்கிக்கொண்டு நிற்பார்கள். வளையம் கடைசிவரை திரும்பி நின்றுவிடும், ஜன்னலில் ஆள் இரண்டாகவே இருப்பார். வீட்டில் கணவரை வைத்துச் சோதித்தார். கணவர் சரக்குக் கிடங்கில் கிரேன் ஓட்டுகிறவர்.

"கொஞ்சம் பின்னாடி போங்க."

"போயிட்டேன்."

"இன்னும்."

"இன்னும் போனா சமையல்கட்டு. தட்டோட போகவா, தட்ட வெச்சுட்டுப் போகவா?"

சமையலறை வாசலில் உட்கார்ந்து சாப்பிட்ட கணவர் படத்தில் கூர்மையாக விழுந்திருந்தார். பயணிகளைச் சமையல்கட்டுக்கு அனுப்ப முடியாது.

திருப்பிக் கொடுத்துவிட்டு இருபத்தெட்டு வாங்கினார். அதுவும் சிறியது, அருகிலும் போகலாம், அகலமாகவும் எடுக்கும். ஆனால் எதுவரை படத்தில் விழும் என்று காட்டும் கோடு ஜன்னலின் விளிம்பில் இருந்தது. மூக்குக்கண்ணாடி போட்டவரால் கண்ணை அவ்வளவு ஒட்டி வைக்க முடியாது. கழற்றினால் பயணியே தெரியவில்லை. கோடு தெரியாமல் எடுத்த படங்களில் அழைக்காத விருந்தாளிகள் நிறைய பேர்: யாரோ ஒருவர் முழங்கை, ஒரு டிபன் கேரியர், அவரது சொந்த டிக்கெட் மெஷின். போதாததற்கு, அந்தப் பழைய லென்ஸ் டிஜிட்டல் கேமராவோடு ஒத்துப்போகாமல் ஓரங்களில் கத்தரிப்பூ நிறம் பூசியது.

"ஓரத்துல இருக்கறவங்களுக்கு எல்லாம் அடிபட்டுக் கன்னிப்போன மாதிரி இருக்கு" என்று படங்களைப் பார்த்துச் சொன்னார் அதே வண்டியின் கார்டு, கடைசிப் பெட்டியில் கொடியோடு போகிறவர். "விளம்பரத்துக்குப் போட்டா ஜனங்க பஸ்ஸுக்குப் போயிடுவாங்க."

"சிரிங்க. உங்களுக்கு உட்கார சீட்டு இருக்கு."

கார்டு சிரிப்பை நிறுத்திக்கொண்டார்.

வியாழக்கிழமை வந்துவிட்டது. கைவசம் தேறியவை ஆறு படங்கள். 'கண்ணாடி' கடை மாடிப்படி ஏறினார், ஒவ்வொரு படிக்கும் முழங்காலைத் திட்டிக்கொண்டு.

"கடைசியா ஒண்ணு குடுங்க. பேசாமக் குடுங்க."

கடைக்காரர் இந்த முறை உண்மையிலேயே நல்ல பொருளை எடுத்தார். ஐம்பது, உள்ளே மடங்கும் வகை. அழுத்தினால் குழாய் கேமராவுக்குள் இறங்கிவிடும், கோட்டுப் பையில் சீப்பு போலப் படுத்துக்கொள்ளும். வேண்டும்போது வெளியே இழுத்து, ஒரு திருப்புத் திருப்பிப் பூட்ட வேண்டும்.

"இழுக்க மறந்துடாதீங்க மேடம். மறந்தா எல்லாம் பனிமூட்டம்."

"குழந்தையா நான்?"

வெள்ளிக்கிழமை காலை வண்டி நிரம்பி வழிந்தது. கேமராவின் பின்பக்கத் திரையை அவர் முன்பே அணைத்து வைத்திருந்தார். வெளிச்சம் பளிச்சென்று வந்தால் பத்துத் தலைகள் திரும்பும் என்று பட்டுத் தெரிந்துகொண்டவர். இரண்டு நிலையங்களுக்கு நடுவே, சிக்னல் விழாமல் வண்டி நின்றது. மின்விசிறி நின்றது. பேச்சும் ஒவ்வொன்றாக நின்றது.

அங்கே அந்தக் காட்சி இருந்தது. உயரமான ஒருவர் புதிதாக வாங்கிய சுவர்க்கடிகாரத்தைக் கூட்டத்தில் நசுங்காமலிருக்கத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்திருந்தார். கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. அவரைச் சுற்றி அலுவலகத்துக்குத் தாமதமாகிக்கொண்டிருந்த அத்தனை பேரும் அதையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள், ஏதோ அவர்தான் வண்டியை நிறுத்திவைத்தவர் போல.

"சார், அத இறக்குங்களேன். பார்க்கப் பார்க்க இன்னும் லேட்டாகுது" என்றார் ஒருவர்.

"இறக்க இடம் எங்க சார்? உங்க தலை மேல வைக்கவா?"

பெட்டியே சிரித்தது. 'கண்ணாடி' கேமராவை உருவினார். கதவோரம் சாய்ந்து வளையத்தைத் திருப்பினார். கேமரா ஜன்னலில் இரண்டு கடிகாரங்கள் நகர்ந்து ஒன்றாயின. எடுத்தார். சிரித்த முகங்களை எடுத்தார். நின்றபடியே தூங்கும் ஒரு பெண்ணை, கீழே விழாமல் கூட்டமே தாங்கியிருந்தது. அவளை எடுத்தார். ஒருவரும் திரும்பவில்லை. நாள்கணக்கில் தேடிய லென்ஸ் இதுதான் என்று நினைத்தார். முழங்கால் வலிகூடச் சற்று நேரம் மறந்துபோனது.

கடைசி நிலையத்தில் கூட்டம் இறங்கிய பிறகு திரையைப் போட்டார். சாம்பல் நிறம். அடுத்தது சாம்பல். அதற்கடுத்ததில் சாம்பலுக்கு நடுவே வட்டமாக ஏதோ வெளுத்திருந்தது. கடிகாரமாக இருக்கலாம், நிலாவாகவும் இருக்கலாம். கேமராவைத் திருப்பிப் பார்த்தார். லென்ஸ் உள்ளே மடங்கியபடி சுகமாகப் படுத்திருந்தது.

வேறு எந்தக் கேமராவாக இருந்தாலும் கண்ணில் வைத்ததுமே மங்கலாகத் தெரிந்திருக்கும். இதில் ஜன்னல் தனி, லென்ஸ் தனி. ஜன்னலில் கடைசிவரை எல்லாம் கண்ணாடி போலத் தெளிவு.

நடைமேடைப் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். கார்டு ஓடி வந்தார்.

"என்னம்மா, காலா?"

"கால் இல்ல. தலை. எனக்குத் தலைன்னு ஒண்ணு இருக்கான்னு பாருங்க."

கார்டு திரையைப் பார்த்தார். ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டும் என்று வாயைத் திறந்தார். "பனிக்காலத்துல எடுத்ததுன்னு சொல்லிப் பாரேன்" என்றுதான் வந்தது. 'கண்ணாடி' பார்த்த பார்வையில் விசிலை வாயில் வைத்துக்கொண்டு நகர்ந்தார்.

திரும்பும் வண்டி காலி. காலையில் ஊருக்குள் வருகிறவர்கள்தான் அதிகம், வெளியே போகிறவர்கள் இல்லை. எட்டுப் பெட்டிகளையும் நடந்து பார்த்தார். மூன்று பயணிகள், மூவரும் தூக்கம். அதில் ஒருவர் நடைவழிக்கு முதுகைக் காட்டிப் படுத்திருந்தார். இன்னும் நான்கு படங்கள் வேண்டும். மாலை வரை வேறு வண்டியில் பணி இல்லை.

பாதி வழியில் ஒற்றைத் தண்டவாளம் தொடங்கும் நிலையத்தில் வண்டி நின்றது. எதிர் வண்டி கடந்த பிறகுதான் கிளம்பும். தினமும் சலிப்போடு காத்திருக்கும் இடம். எதிர் வண்டி முக்கி முனகி உள்ளே வந்து, அடுத்த தண்டவாளத்தில் பக்கத்திலேயே நின்றது. அது நிரம்பியிருந்தது. ஜன்னலுக்கு நேரே ஜன்னல். அந்தப் பக்கம் கம்பியில் கன்னத்தை வைத்து அழுத்திக்கொண்டிருந்த ஒரு பெண், இந்தப் பக்கம் காலியாக ஓடப்போகும் பெஞ்சுகளைப் பார்த்த பார்வை இருக்கிறதே, பசித்தவர் அடுத்தவர் தட்டைப் பார்ப்பது போல.

'கண்ணாடி' லென்ஸை இழுத்தார். திருப்பினார். பூட்டிவிட்டதா என்று ஆட்டிப் பார்த்தார், மறுபடியும் ஆட்டிப் பார்த்தார். ஒரு மீட்டருக்குக் கொஞ்சம் அதிகமான தூரம், ஐம்பதுக்கு அளந்துவைத்தாற்போல. அந்தப் பெண்ணை எடுத்தார். அடுத்த ஜன்னலுக்கு நொண்டிக்கொண்டே ஓடினார். பேப்பரை நான்காக மடித்துப் படிப்பவர், அவர் தோள் வழியாக அதையே படிக்கும் மூவர். அடுத்த ஜன்னல். அதற்கடுத்தது. எதிர் வண்டி நகர்ந்தபோது நான்கு படங்கள் இருந்தன. நான்கும் கூர்மை. சத்தமாகவே சிரித்தார். தூங்கியவர் புரண்டு படுத்தார்.

விளம்பரப் பிரிவு அதிகாரி குளிர்சாதன அறையில் சால்வை போர்த்தியிருந்தார். படங்களைப் பொறுமையாகப் பார்த்தார். கடைசி நான்கில் நின்றார்.

"நல்லா இருக்கும்மா. ஆனா இது வண்டிக்கு வெளியேர்ந்து எடுத்தது. உள்ளேர்ந்து எடுக்கணும்னுதான் கேட்டிருந்தோம்."

"நான் உள்ளதான் சார் இருந்தேன்."

"எங்க?"

"வேற வண்டிக்குள்ள."

அதிகாரி சிரித்தார். சிரித்துக்கொண்டே நான்கையும் தனியாக எடுத்து வைத்தார். "ஆறுதான் கணக்குல வருது. நான் என்ன பண்ண முடியும்?"

வேலை கணக்குப் பிரிவிலிருந்த ஓர் இளைஞருக்குப் போனது. அவருடைய பத்துப் படங்களையும் வரவேற்பறைச் சுவரில் ஒட்டியிருந்தார்கள். 'கண்ணாடி' அருகில் போய்ப் பார்த்தார். சீவிச் சிங்காரித்த பயணிகள், உட்காரத் தாராளமான இடம், எல்லோர் முகத்திலும் புன்னகை. ஓடாமல் பணிமனையில் நிற்கும் பெட்டி என்று பார்த்ததுமே அவருக்குத் தெரிந்தது. மூன்று படங்களில் ஒரே சிறுமி, மூன்று வேறு குடும்பங்களின் மடியில் இருந்தாள்.

"சார், இந்தப் பாப்பா..." என்று அதிகாரியிடம் ஆரம்பித்தார்.

"அழகா இருக்கா இல்ல? பத்தும் வண்டிக்குள்ள. உனக்கு அடுத்த தடவை பார்ப்போம்மா."

"அடுத்த தடவை எப்ப சார்?"

"அவர் ரிட்டையர் ஆனதும்."

வீட்டில் விஷயம் தெரிந்ததும் மாமியார் தையல் மெஷினை நிறுத்தினார். "அந்தக் கணக்குப் பையனோட பேண்ட் என்கிட்டதான் இருக்கு. இடுப்புல ரெண்டு அங்குலம் பிடிச்சுடவா?" என்று கேட்டார். அந்த எதிர் வண்டிக்குப் பிறகு 'கண்ணாடி' வாய்விட்டுச் சிரித்தது அப்போதுதான். லென்ஸை மறுநாள் கடையில் திருப்பிக் கொடுத்தார். கடைக்காரர் இன்னொன்று இருப்பதாகச் சொன்னார், காதில் வாங்காமல் படி இறங்கினார்.

சில மாதங்கள் கழித்து எல்லாப் பெட்டிகளிலும் ஒரு விளம்பரம் ஒட்டப்பட்டது. 'நெரிசல் நேரத்தைத் தவிர்ப்பீர்' என்ற வாசகம். மேலே, ஜன்னல் கம்பியில் கன்னத்தை அழுத்தியபடி ஒரு பெண். எடுத்தவர் பெயர் போடவில்லை. கீழே விளம்பரப் பிரிவு என்றிருந்தது.

காலை வண்டி. முழங்காலில் பட்டை சுற்றிக்கொண்டு, அந்த விளம்பரத்தின் கீழேயே, கம்பியைப் பிடித்து நின்றார் 'கண்ணாடி'.

"நெரிசல் நேரத்தத் தவிர்க்கணுமாம். அப்போ ஆபீசுக்கு இவங்க தாத்தாவா போவாரு?" என்றார் ஒரு பயணி. பக்கத்தில் நின்றவர் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வாசகத்த விடுங்க. அந்தப் பொண்ணு மூஞ்சியப் பாருங்க. யாரு எடுத்தாங்களோ, இந்த வண்டியில தினமும் நிக்கற ஆளாத்தான் இருக்கணும்."

'கண்ணாடி' காலை மாற்றி ஊன்றிக்கொண்டார். "டிக்கெட்டக் காட்டுங்க" என்றார்.

படத்தைப் பாராட்டியவரிடம் டிக்கெட் இல்லை.