தலைகீழாகப் போன பாரமானி: திருநெல்வேலியிலிருந்து குளச்சல் வரை

போன புரட்டாசி மாதம், ஒரு திங்கட்கிழமை, நாலடி நீளப் பெட்டி ஒன்றைத் தலைகீழாக மடியில் வைத்துக்கொண்டு திருநெல்வேலியிலிருந்து குளச்சலுக்குப் போனேன். ஐம்பது மைல் பஸ், பிறகு பத்து மைல் இன்னொரு பஸ், கடைசி ஐந்து மைல் நடை. ஊர் சுற்றப் போகிறவர்களுக்கும் இந்த வழி உதவும் என்பதால் எழுதுகிறேன். பெட்டி இல்லாமல் போகிறவர்கள் என்னைவிடச் சுகமாகப் போகலாம்.

நான் வானிலை நிலையங்களுக்குக் கருவி பொருத்துகிறவன். பெட்டிக்குள் இருந்தது பாரமானி. காற்றின் கனத்தைப் பாதரசத்தால் அளக்கிற கண்ணாடிக் குழாய் அது. புயல் நெருங்கினால் குழாயில் ரசம் இறங்கும். இதைப் பயணத்தில் தலைகீழாகத்தான் கொண்டுபோக வேண்டும். நிமிர்த்திவிட்டால் குழாயின் உச்சியில் வெற்றிடம் உண்டாகும். அப்போது வண்டி குலுங்கினால் ரசம் எகிறிக் கண்ணாடியை உடைக்கும், அல்லது ஒரு காற்றுக் குமிழி உள்ளே புகுந்துகொள்ளும். குமிழி புகுந்தது உடைந்ததைவிட மோசம். உடைந்த பாரமானி சும்மா கிடக்கும், குமிழி புகுந்தது தினமும் பொய் சொல்லும்.

குளச்சலுக்குப் போகும் மூன்றாவது பாரமானி இது. முதலாவது பார்சலில் போய்த் தூளாகச் சேர்ந்தது. இரண்டாவதை ஒரு புண்ணியவான் மாட்டு வண்டியில் ஏற்றினான், அதோடு சரி. என் மேலதிகாரி கையெழுத்துப் போடும்போதே சொல்லிவிட்டார்: "இதுவும் போனால் குளச்சலை நிலைய ஜாபிதாவிலிருந்து அடித்துவிடுவேன்." அங்கே நிலையத்தைக் கவனிக்கிற பள்ளிக்கூடத்து மிக்கேல் வாத்தியார் ஒரு வருஷமாக மழையையும் காற்றின் திசையையும் மட்டும் எழுதிக்கொண்டு, சுவரில் வெறும் ஆணியைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். பாரமானி இல்லாத நிலையத்தின் தந்தியை யாரும் வாங்குவதில்லை. குமரிமுனையைச் சுற்றிக்கொண்டு வரும் காற்றை முதலில் வாங்குவது அந்தக் கரை, ஆனால் அந்தக் கரையிலிருந்து ஒரு வார்த்தை வர வழியில்லை. இந்த நிலைமையில்தான் பெட்டி என் கையில் வந்தது.

காலை ஆறரைக்குத் திருநெல்வேலியில் பஸ். நாகர்கோவிலுக்கு ஆளுக்கு ஒன்றேகால் ரூபாய். நான் இரண்டு டிக்கெட் எடுத்தேன், ஒன்று எனக்கு, ஒன்று பெட்டியின் மறுமுனைக்கு. கண்டக்டர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பார்க்கட்டும். வள்ளியூர் தாண்டுவதற்குள் நான்கு பேர் "சார், பெட்டி தலைகீழாக இருக்கிறது" என்று எழுந்து வந்து நிமிர்த்தப் பார்த்தார்கள். பெட்டியில் 'கவனம்' என்று சிவப்பு எழுத்து இருந்தது என் கஷ்டகாலம். அது தலைகீழாகத் தெரிந்தால் படித்தவன் எவனுக்கும் கை சும்மா இருப்பதில்லை. நாலாவது ஆளிடம் கொஞ்சம் காட்டமாகவே பேசிவிட்டேன். நான் கோபக்காரன், வீட்டில் கேட்டால் சொல்வார்கள்.

பத்து மணிக்கு ஆரல்வாய்மொழி. மலைக்கணவாயின் காற்று பஸ்ஸைப் பக்கவாட்டில் தள்ளுகிறது, தொப்பி வைத்திருப்பவர்கள் கழற்றி மடியில் வைத்துக்கொள்ளுங்கள். திருவிதாங்கூர் எல்லை இதுதான், சுங்கச் சவுக்கையில் எல்லாச் சாமானையும் திறந்து பார்ப்பார்கள். அங்கிருந்த உத்தியோகஸ்தர் என் பெட்டியைத் தட்டிப் பார்த்தார்.

"இதுக்குள்ள என்னவாக்கும்? பொகையிலையா?"

"பாரமானி. காற்றை நிறுக்கிற தராசு."

அவர் மேஜையிலிருந்த காகிதங்களை இரண்டு கையாலும் அமுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். வெளியே பார்த்தார், என்னைப் பார்த்தார். "இங்க அடிக்க காத்த நிறுக்கதுக்கு இந்த ஒரு பெட்டி போருமா வேய்?" என்றார். பஸ்ஸே சிரித்தது. திறக்காமல் விட்டுவிட்டார், நல்ல மனிதர். எல்லையிலேயே காசை மாற்றிக்கொள்ளுங்கள். நம் ரூபாய்க்கு இருபத்தெட்டரைச் சக்கரம் கிடைக்கும், ஊருக்குள் போய்விட்டால் அந்த அரைச் சக்கரம் வராது.

நாகர்கோவில் சேர்ந்தபோது பதினொன்றரை. சாப்பாடு நான்கு சக்கரம், மீன் குழம்பு வேண்டுமென்றால் இன்னும் ஒன்று. பன்னிரண்டேகாலுக்குத் திங்கள்சந்தை பஸ், ஐந்து சக்கரம். அதில் எனக்குப் பக்கத்தில் காலிக் கூடையோடு ஒரு அம்மாள் உட்கார்ந்தார். குளச்சலிலிருந்து மீன் கொண்டுவந்து விற்றுவிட்டுத் திரும்புகிறவர், ரோசம்மாள் என்று பெயர். ஐந்தாவது முறையாக அதே கேள்வி.

"சாரே, பெட்டி தலைகீழால்லா இருக்கு?"

"அப்படித்தான் இருக்க வேண்டும். குளச்சல் வாத்தியாருக்குப் போகிறது."

அம்மாளின் முகம் மாறிவிட்டது. "எங்க வாத்தியாருக்க காத்துக் கண்ணாடியா? மாதாவே, வந்திட்டா!" என்று கூடையை நகர்த்தி, பெட்டியின் மறுமுனையைத் தன் மடியில் வாங்கிக்கொண்டார். "போன ஐப்பசியில எச்சரிக்கைத் தந்தி வந்தப்போ மரமெல்லாம் கடலுக்குப் போயாச்சு சாரே. எனக்க வீட்டுக்காரரு ரெண்டு நாளு கட்டுமரத்துல இடுப்பக் கெட்டிக்கிட்டுக் கெடந்தாரு. மூணாம் நாளு கரை சேந்தாரு. அந்த ரெண்டு நாளும் நான் பச்சத் தண்ணி குடிக்கல்ல. வாத்தியாரு சொன்னாரு, இந்தக் கண்ணாடி மட்டும் இருந்திருந்தா நாமளே முன்னால சொல்லியிருக்கலாம்னு." பஸ் குலுங்கிய ஒவ்வொரு தடவையும் அவர் பெட்டியைத் தூக்கிப் பிடித்தார். அதற்குப் பிறகு நான் யார்மேலும் கோபப்படவில்லை, திங்கள்சந்தை வரைக்கும்.

இனி நான் சொல்லப்போவது என் தப்பு. திங்கள்சந்தையில் சந்தை கூடுவது திங்கட்கிழமை. நாள் பார்க்காமல் போனேன். மரச்சீனிக் கிழங்கு, வாழைக்குலை, கருப்பட்டி என்று கால் வைக்க இடமில்லை. பெட்டியைக் காப்பிக்கடைச் சுவரில் பத்திரமாகச் சாய்த்துவிட்டுப் பெஞ்சில் உட்கார்ந்தேன். ரோசம்மாள் வெற்றிலை வாங்கப் போனார். அப்போது குளச்சலிலிருந்து சந்தைக்கு வந்திருந்த சவரிமுத்து என்ற பெரியவர் வந்து கேட்டார்.

"இது எங்க போவுது?"

"குளச்சல் மிக்கேல் வாத்தியாருக்கு."

"கோயிலுக்கா?"

வாத்தியார் மாதா கோயில் உபதேசியாரும்கூட. அவருடைய அறை கோயிலை ஒட்டித்தான் இருக்கிறது. என் வாய் நிறையச் சூடான காப்பி. தலையை ஆட்டினேன். அவ்வளவுதான் நான் செய்தது. அந்தக் கரையில் இவ்வளவு நீளப் பெட்டியில் கோயிலுக்கு வருவது ஒன்றே ஒன்று, அவர்கள் சொரூபம் என்கிற புனிதர் சிலை. அது எனக்குத் தெரியாது. டம்ளரை வைத்துவிட்டுத் திரும்பினால் பெட்டி நிமிர்ந்து நிற்கிறது. அதன் கழுத்தில் தோவாளைப் பிச்சிப்பூ மாலை! நாலு பேர் தலைத்துண்டை எடுத்துவிட்டுக் கும்பிட்டுக்கொண்டு நிற்கிறார்கள்.

"புனிதரத் தலைகீழா வச்சிட்டு இவன் காப்பி குடிக்கான் பாரு!" என்று சவரிமுத்து என்னைத்தான் ஏசினார். நான் கத்திய கத்தலில் சந்தை ஒரு நிமிஷம் நின்றுவிட்டது. அதைச் சொரூபம் கொண்டுவருகிறவனின் கர்வம் என்று எடுத்துக்கொண்டு, ஊருக்குச் சொல்ல அவர் வண்டி பிடித்து முன்னால் போய்விட்டார்.

பெட்டியை மெல்ல, மிக மெல்லத் திரும்பவும் கவிழ்த்தேன். கண்ணாடி உடைந்த சத்தம் இல்லை. ஆனால் நிமிர்த்தும்போது எப்படித் தூக்கினார்கள், இடித்தார்களா, குமிழி புகுந்ததா, மாட்டிப் பார்க்காமல் சொல்ல முடியாது. ரோசம்மாள் திரும்பி வந்து விஷயம் தெரிந்ததும் தலையில் அடித்துக்கொண்டார். "ஒரு வெத்தலைக்குப் போனேனே சாரே!" என்றார். நான் என் காப்பியைத் திட்டிக்கொண்டேன்.

திங்கள்சந்தையிலிருந்து குளச்சலுக்கு வில்வண்டி ஆறு சக்கரம். வண்டி குலுங்கும் என்பதால் நாங்கள் நடந்தோம். பெட்டியின் ஒரு முனை என் தோளில், மறுமுனை அந்த அம்மாளின் தலைச்சும்மாட்டில். குழாயின் தலைப்பக்கம் தாழ்ந்திருக்க வேண்டும் என்று நான் சொல்ல, "எனக்குப் புரிஞ்சாச்சு, நீரு நடயும்" என்றார். இரண்டு பக்கமும் வயலும் தென்னையும் குளமும், சித்திரம் மாதிரி வழி. நான் ஒன்றையும் பார்க்கவில்லை. நீங்களாவது பாருங்கள். இரண்டேகால் மணி நேரம் எடுத்தது.

ஊர் எல்லையில் முத்துக்குடையும் மேளமுமாக ஒரு கூட்டமே நின்றது! சவரிமுத்து முன்னால். கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஒல்லியாக ஒருவர் ஓடி வந்தார், மிக்கேல் வாத்தியார். பெட்டியின் நீளத்தைப் பார்த்தார், மாலையைப் பார்த்தார். "யாரு நிமித்தினா?" என்றார். நிமிர்த்தாமல் மாலை போட்டிருக்க மாட்டார்கள் என்பதும், நிமிர்த்தினால் என்ன ஆகும் என்பதும் அவருக்குத்தான் தெரியும். நான் நடந்ததைச் சொன்னேன். வாத்தியார் கூட்டத்திடம் இது சொரூபம் இல்லை, பாரமானி என்று விளக்கினார். மேளம் நின்றது, குடை மடங்கியது. சவரிமுத்துவின் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. "நான் கெடுத்துப்போட்டனா வாத்தியாரே?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார்.

வாத்தியார் அறையில் அந்த ஒரு வருஷத்து ஆணியில் பாரமானியை மாட்டினேன். ரசம் இறங்கி நின்றது. இனி ஒரே ஒரு சோதனை. குழாயை மெல்லச் சாய்த்தால் ரசம் ஏறி உச்சியில் முட்டும். உள்ளே காற்று இல்லையென்றால் 'டிக்' என்று உலோகச் சத்தம் சுத்தமாகக் கேட்கும். காற்று இருந்தால் 'பொத்' என்று அமுங்கிப் போகும். 'பொத்' என்றால் பெட்டியைக் கட்டிக்கொண்டு நான் திரும்ப வேண்டும், குளச்சல் பெயர் ஜாபிதாவில் இருக்காது.

வாத்தியார் காதைக் குழாயோடு வைத்தார். ஜன்னல் முழுக்கத் தலைகள். சாய்த்தேன். வெளியே ஒரு அலை உடைந்தது, பிள்ளைகள் வேறு கூச்சல். ஒன்றும் கேட்கவில்லை. "ஏலே! எல்லாரும் வாயப் பொத்துங்க!" என்று ரோசம்மாள் போட்ட சத்தத்தில் காக்கைகூடப் பறந்தது. மீன் விற்கும் தொண்டை. அந்த ஊர் மொத்தமும் ஒரே நேரத்தில் வாயை மூடியது. ஒரு அலை போய் அடுத்த அலை வருவதற்குள் மறுபடி சாய்த்தேன்.

டிக்.

வாத்தியார் நிமிரவில்லை. காதைக் குழாயோடு வைத்தபடியே அழுதார். நானும் அழுதேன், வெட்கமில்லாமல் சொல்கிறேன். "எங்களுக்குக் கேக்கல்ல!" என்று ஜன்னலில் சண்டை. விதிப்படி கூடாதுதான், ஆனாலும் இன்னொரு தடவை சாய்த்தேன். இந்த முறை சவரிமுத்துவைக் கூப்பிட்டு அவர் காதை வைக்கச் சொன்னேன். அவர் கேட்டுவிட்டு நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டார். அன்று மாலை என் இலையில் விழுந்த மீன் வறுவலைத் தின்று முடிக்க ஆளில்லை.

மறுநாள் காலை எட்டு மணிக்கு வாத்தியார் முதல் அளவை எடுத்தார். எடுத்ததை எண்களாகத் தந்திக் காகிதத்தில் எழுதினார். தந்தி ஆபீஸ் கால் மைல் தூரம். வாசலில் நேற்று மடக்கிய முத்துக்குடையோடு சவரிமுத்து நின்றார், பின்னால் மேளம். "கூப்பிட்ட மேளத்த சும்மா அனுப்பப்படாது" என்றார். அப்படியாக ஒரு துண்டுக் காகிதம் குடை பிடித்து, மேளம் கொட்டி, கடற்கரை வழியாகத் தந்தி ஆபீசுக்குப் போனது. எத்தனையோ நிலையம் திறந்திருக்கிறேன், இப்படி ஒரு தந்தி போனதை நான் கண்டதில்லை! பிற்பகலில் பதில் வந்தது: குளச்சல் சேர்க்கப்பட்டது. வாத்தியார் அதை மூன்று தடவை வாசிக்க வேண்டியிருந்தது, ஊர் விடவில்லை.

போகிறவர்களுக்கு என் யோசனை இவ்வளவுதான். திங்கட்கிழமையைத் தவிர எந்த நாளிலும் போங்கள். புரட்டாசியை அங்கே கன்னி மாதம் என்பார்கள், குழம்பாதீர்கள். மொத்தச் செலவு ஒரு ஆளுக்குப் போக இரண்டு ரூபாய்க்குள் முடியும். கண்ணாடிச் சாமான் கொண்டுபோனால் வண்டியை நம்பாதீர்கள், மீன் கூடைக்காரம்மாக்களை நம்புங்கள். வாய் நிறையக் காப்பியை வைத்துக்கொண்டு தலையை ஆட்டாதீர்கள்.

இதை எழுதி முடிக்கும் நேரத்தில் வாத்தியாரிடமிருந்து கடிதம் வந்திருக்கிறது. ஐப்பசி நடுவில் ஒரு காலை ரசம் திடுதிப்பென்று இறங்கியிருந்ததாம். உடனே தந்தி அடித்தாராம். பதினொரு மணிக்குள் எச்சரிக்கை திரும்பி வந்து, துறைமுகத்தில் புயல் கூண்டு ஏறிவிட்டது. சவரிமுத்து மேளத்தைத் தானே வாங்கி அடித்துக்கொண்டு கரை முழுக்க ஓடினாராம். ஒரு கட்டுமரமும் இறங்கவில்லை. சாயங்காலம் தென்னைகளைப் பிடுங்கிப் போட்ட காற்றில் ஊரில் ஒரு ஆள் குறையவில்லை.

அடுத்த நாள் ரோசம்மாள் வெறுங்கூடையோடு பள்ளிக்கூடத்து வாசலுக்கு வந்தாராம். "இன்னைக்கு விக்க ஒரு மீனு இல்ல வாத்தியாரே" என்று கூடையைக் கவிழ்த்துக் காட்டிவிட்டு, விழுந்து விழுந்து சிரித்தாராம். அவர் கணவரும் கூடவே நின்று சிரித்தாராம்.