கம்பம் நட இடமில்லாத மைதானம்

எங்கள் பள்ளி மைதானத்தில் புல் இருந்தது என்று சொல்கிறவர்கள் யாரும் அங்கே விழுந்து எழுந்தவர்கள் இல்லை. ஐப்பசி, கார்த்திகையில் மழை பெய்தால் பச்சையாக ஏதோ முளைக்கும். தை பிறப்பதற்குள் காய்ந்துவிடும். அப்புறம் இருப்பது சரளைக்கல், செம்மண், நெருஞ்சி முள். கோல் போஸ்ட் முன்னால் மிதித்து மிதித்து ஒரு பள்ளம். மழை பெய்தால் அதில் தவளை கத்தும்.

நான் அங்கே உடற்கல்வி ஆசிரியை. பிள்ளைகளுக்கு பி.டி. மிஸ். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து நான் கேட்டது கொஞ்சம் நல்ல செம்மண், அதை அமுக்க ஒரு ரோலர். ஒவ்வொரு வருஷமும் கேட்டேன். கிடைத்தது டர்ஃப் என்கிற செயற்கைப் புல்.

கொடுத்தவர் சிங்கப்பூரில் இருக்கும் முன்னாள் மாணவர். நல்ல மனுஷன். இந்த மைதானத்தில் விழுந்துதான் அவர் முழங்காலில் தழும்பு வந்ததாம். இனிமேல் எந்தப் பிள்ளைக்கும் அப்படி வரக் கூடாது என்று நினைத்தார். அவர் மேல் எனக்குக் கோபமில்லை. எங்கள் பள்ளியில் பிள்ளைகள் என்ன ஆடுகிறார்கள் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. அவர் காலத்தில் பையன்கள் கால்பந்து ஆடினார்கள், அதுதான் அவருக்குத் தெரியும். இப்போது கால்பந்து ஆடுகிற பையன்கள் பந்தைவிட செல்போனைத்தான் அதிகம் தொடுகிறார்கள். எங்கள் பள்ளியிலிருந்து மாவட்டப் போட்டி வரைக்கும் போகிற ஒரே அணி பெண்பிள்ளைகளின் கோ-கோ அணி.

கோ-கோ ஆட அதிகமாக ஒன்றும் வேண்டாம். ஷூ வேண்டாம், பந்து வேண்டாம், வலை வேண்டாம். இரண்டு மரக்கம்பங்களை மண்ணில் ஆழமாக நட வேண்டும். நடுவில் எட்டுப் பேர் வரிசையாகக் குந்தி உட்கார்ந்திருப்பார்கள். ஒருத்தி துரத்துவாள். துரத்துகிறவள் வரிசைக்கு நடுவில் புகுந்து போகக் கூடாது. கம்பம் வரைக்கும் ஓடி, கம்பத்தைப் பிடித்து ஒரே வீச்சில் சுழன்று அந்தப் பக்கம் வர வேண்டும். ஓடுகிற ஓட்டத்தில் ஒரு பிள்ளையின் முழு எடையும் அந்தக் கம்பத்தில் தொங்கும். கம்பம் ஆடக் கூடாது. கம்பம் ஆடினால் கை போய்விடும்.

ஆகவே புல் போடுவதைப் பற்றித் தாளாளர் கூட்டிய ஆசிரியர் கூட்டத்தில் நான் ஒரே ஒரு கேள்வி கேட்டேன்.

"சார், கோ-கோ கம்பத்தை எங்க நடுறது?"

தாளாளர் என்னைப் பார்த்துச் சிரித்தார். அவருக்கு என் மேல் எப்போதும் ஒரு பொறுமை உண்டு. மாட்டிடம் காட்டுகிற பொறுமை.

"டீச்சர், ஸ்டேடியம் மாதிரி வரப்போகுது. நீங்க ரெண்டு கம்பத்தப் பத்திப் பேசுறீங்க. அதெல்லாம் பாத்துக்கலாம்."

பாத்துக்கலாம் என்றால் பார்க்க மாட்டார்கள் என்று அர்த்தம். எனக்குத் தெரியும். எழுந்து கத்தியும் பார்த்தேன். மற்ற ஆசிரியர்கள் டீ வந்துவிட்டதா என்று வாசலைப் பார்த்தார்கள்.

கோடை விடுமுறையில் ஜே.சி.பி. வந்தது. மண்ணைச் சுரண்டி லாரியில் ஏற்றிக் கொண்டுபோனார்கள். ஜல்லி கொட்டி அமுக்கினார்கள். அதன் மேல் பச்சைக் கம்பளத்தை உருட்டி விரித்து, பசை போட்டு ஒட்டி, மணலையும் கறுப்பு ரப்பர்க் குருணையையும் தூவினார்கள். சுற்றிலும் உயரமாக வலை கட்டினார்கள். நாலு மூலையிலும் விளக்குக் கம்பம் நட்டார்கள். விளக்குக்கு மட்டும் கம்பம் நட முடிந்தது.

திறப்பு விழாவுக்கு நல்ல நேரம் பார்த்தார்கள். அய்யர் வந்தார். திருஷ்டி கழிக்க ஒரு பெரிய பூசணிக்காய். உள்ளே குங்குமம், சில்லறை. மேலே சூடம். அதைக் கொளுத்தி மைதானத்துக்குச் சுற்றிக் காட்டி நடு வட்டத்தில் போட்டு உடைப்பதாக ஏற்பாடு.

"சார், இது பிளாஸ்டிக்கு" என்றேன்.

"நல்ல காரியத்துல அபசகுனமா வாயத் தொறக்காதீங்க டீச்சர்" என்றார் தாளாளர்.

உடைத்தார்கள். சூடம் எரிந்தபடியே சிதறியது. விழுந்த இடத்திலெல்லாம் புல் புகைந்து சுருண்டு உருகியது. நடு வட்டத்தில் மட்டும் ஒரு தட்டு அளவுக்கு ஓட்டை. வாட்ச்மேன் ஓடிப்போய்ச் செருப்புக் காலால் மிதித்தார், செருப்பும் ஒட்டிக்கொண்டது. கேனைக் கவிழ்த்துத் தண்ணீர் ஊற்றினார்கள். குங்குமம் கரைந்து ஓடியது. தூரத்திலிருந்து பார்த்தால் அங்கே ஏதோ கொலை நடந்த மாதிரி இருந்தது. சிறப்பு விருந்தினர் வருவதற்குள் ஓட்டைக்கு மேல் ஒரு பூந்தொட்டியை வைத்தார்கள். அவர் வந்து பார்த்துவிட்டு, மைதானத்துக்கு நடுவில் செடி வைத்திருப்பது நல்ல யோசனை என்று பாராட்டினார்.

ஒட்டுப்போட ஒப்பந்தக்காரர் கோயம்புத்தூர்ப் பக்கமிருந்து வந்தார். குனிந்து பார்த்தார்.

"ஏனுங்க, கார்ப்பெட்டு மேல யாருங்க சூடம் கொளுத்துனது?"

எல்லாரும் தாளாளரைப் பார்த்தார்கள்.

"தீப் புடிச்சா வாரண்டி இல்லீங்க. இத்தன வருசத் தொழில்ல இப்பத்தானுங்க பாக்குறேன்."

ஓட்டையைச் சதுரமாக வெட்டி எடுத்து வேறு துண்டு ஒட்டினார். அந்தத் துண்டு கொஞ்சம் வேறு பச்சை. இன்றைக்கும் தெரியும்.

பள்ளி திறந்ததும் பிள்ளைகள் என்னிடம் வந்து நின்றார்கள். கேப்டன் பன்னிரண்டாம் வகுப்பு. அவளுக்கு இது கடைசி வருஷம். ஆறாம் வகுப்பிலிருந்து என்னிடம் ஆடுகிறவள். அப்பாவை அத்தா என்பாள், அவருக்குத் தோல் மண்டியில் வேலை. பள்ளியை முடித்ததும் கல்யாணப் பேச்சு வந்துவிடும் என்று அவளே சாதாரணமாகச் சொல்வாள். இந்த வருஷமும் மாவட்டத்தில் ஆடிவிட வேண்டும் என்பதையும் அதே மாதிரி சொல்வாள்.

"மிஸ், கம்பம்?" என்றாள்.

மறுபடியும் தாளாளரிடம் போனேன். அவரிடம் யோசனை தயாராக இருந்தது. இரண்டு காலி பெயிண்ட் டப்பாக்களில் சிமெண்ட் கலவை ஊற்றி நடுவில் கம்பத்தைச் செருகிக் கொடுத்தார். தேவைப்படும்போது வைத்துக்கொள்ளலாம், வேலை முடிந்ததும் எடுத்துவிடலாம் என்றார். அவருக்கு ரொம்பப் பெருமை.

அந்த டப்பாவைத் தூக்க மூன்று பேர் வேண்டும். ஓடிவந்து பிடித்தால் சாய ஒரு பிள்ளை போதும். கேப்டன் முதல் சுழற்சியில் பிடித்தாள். டப்பா சாய்ந்து அவள் கால் பெருவிரலில் விழுந்தது. நகம் கறுத்துப்போனது.

"மிஸ், நான் ஓடுனா கம்பமும் என்கூடயே ஓடி வருது" என்றாள். மற்ற பிள்ளைகள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"டர்ஃபுல ரெண்டே ரெண்டு குழி வெட்ட விடுங்க சார்" என்று கேட்டேன்.

"அம்புட்டு செலவு பண்ணிப் போட்டதக் கிழிக்கச் சொல்றீங்களா?"

"நீங்க சூடம் வச்சு ஓட்டை போட்டா புண்ணியம், நான் கம்பத்துக்கு ஓட்டை போட்டாக் குத்தமா?"

என்னை வெளியே போகச் சொன்னார். நாங்கள் அரசு உதவி பெறும் பள்ளி. அவர் என்னை அறையை விட்டு அனுப்பலாம், வேலையை விட்டு அனுப்புவது கஷ்டம்.

பைபாஸ் பக்கம் மனை பிரித்துப் போட்ட ஒரு காலி இடம் கிடந்தது. அங்கே கூட்டிப்போகலாம் என்று வீடு வீடாகப் போய்க் கேட்டேன். கேப்டனின் அம்மா கதவுக்குப் பின்னால் நின்றபடியே பேசினார்.

"பள்ளிக்கூடத்துக்குள்ள எம்புட்டு நேரம்னாலும் ஆடட்டும் டீச்சர், நான் ஒண்ணுஞ் சொல்ல மாட்டேன். பைபாஸ் அது இதுன்னா அவுக அத்தா பள்ளிக்கூடத்தையே நிப்பாட்டிருவாக."

இன்னொருத்தி பக்கத்து ஊர் ஆத்தூரிலிருந்து வருகிறவள். பைபாஸ் போய்த் திரும்பினால் அவளுக்கு பஸ் போய்விடும். இன்னொருத்தியின் அப்பா, "பொம்பளப் பிள்ளய ரோட்டோரமா ஆட விடச் சொல்றீகளா?" என்று என்னையே திருப்பிக் கேட்டார். அவர்கள் மேல் தப்பில்லை. அந்த இடத்தில் சாயங்காலம் யார் உட்கார்ந்திருப்பார்கள் என்று எனக்கும் தெரியும். ஆக, பள்ளிச் சுவருக்குள் கம்பம் நின்றால் அணி உண்டு. இல்லாவிட்டால் இல்லை.

இதற்கிடையில் டர்ஃபுக்குத் தண்ணீர் ஊற்றத் தொடங்கினார்கள். பதினோரு மணிக்கெல்லாம் அது தோசைக்கல்லாகிவிடும், வெறுங்காலை வைக்க முடியாது. புல்லுக்கு ஊற்றத் தண்ணீர் இல்லை என்றுதான் பிளாஸ்டிக் போட்டார்கள். இப்போது பிளாஸ்டிக்குக்கு லாரித் தண்ணீர். எங்கள் தெருக்குழாயில் தண்ணீர் என்றைக்கு வரும் என்று குழாய்க்கே தெரியாது.

பள்ளிச் சுவருக்குள் மண்ணாக மிச்சமிருந்தது ஒரே இடம்தான். பள்ளி பஸ்கள் நிற்கிற இடம். ஆயில் கறை, டயர்த் தடம், ஓரத்தில் ஒரு வேப்பமரம். பஸ்கள் காலையில் பிள்ளைகளை ஏற்றி வரப் போய்விடும், சாயங்காலம் இறக்கிவிடப் போய்விடும். எங்களுக்கு வேண்டிய நேரத்தில் இடம் காலி. டேப்பை வைத்து அளந்தேன். ஒரு கம்பம் பஸ் ஷெட் முன்னால் வந்தது. இன்னொன்று மரநிழலில், தாளாளர் கார் நிற்கிற இடத்தில் வந்தது. அளவு அங்கேதான் வந்தது. நான் என்ன செய்ய?

சனிக்கிழமை காலையில் பிள்ளைகளும் நானும் கடப்பாரையோடு போனோம். வாட்ச்மேன் பின்னாலேயே வந்தார்.

"டீச்சர், அய்யாகிட்டக் கேட்டீங்களா?"

"கேட்டேன்."

"என்ன சொன்னாரு?"

"டர்ஃபத் தோண்டக் கூடாதுன்னாரு. இது டர்ஃபா?"

குனிந்து பார்த்தார். "இல்ல."

"அப்பறம் என்ன?"

அவர் கேட் பக்கம் போனார். நட்டு முடித்ததும் கேப்டன் ஓடிவந்து ஒரு கம்பத்தைப் பிடித்துச் சுழன்றாள். கம்பம் அசையவில்லை. மற்றதிலும் சுழன்றாள். அதுவும் அசையவில்லை. போய் வரிசையில் குந்தினாள்.

திங்கட்கிழமை காலையில் ஆட்டம் நடந்துகொண்டிருந்தபோது தாளாளரின் கார் உள்ளே நுழைந்தது. கம்பத்துக்கு முன்னால் வந்து நின்றது. ஹாரன் அடித்தார். பிறகு கண்ணாடியை இறக்கினார்.

"என்ன டீச்சர் இது?"

"கம்பம் சார்."

"அது தெரியுது. என் காரு நிக்கிற எடத்துல ஏன் நிக்குது?"

"மண்ணு இங்கதான் சார் இருக்கு."

"அப்ப நான் கார எங்க விடுறது?"

"டர்ஃபுல விடுங்க சார். இந்நேரம் சும்மாதான் கிடக்கு."

அவர் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டுப் பிள்ளைகளைப் பார்த்தார். "எந்திரிங்கம்மா, எல்லாரும் எந்திரிங்க" என்றார். எட்டுப் பேரும் குந்தியபடியே இருந்தார்கள். ஒருத்தி வலது பக்கம் பார்த்து, அடுத்தவள் இடது பக்கம் பார்த்து, கை தரையில் ஊன்றி, அப்படியே. ஆத்தூர்ப் பிள்ளைதான் தலையைத் திருப்பாமல் பதில் சொன்னாள்.

"முதுகுல தட்டிக் 'கோ' சொல்லாம எந்திரிச்சா ஃபவுல் சார்."

இப்படிப் பதில் சொல்ல நான் அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்து வைத்திருக்கவில்லை. கோ-கோவில் அதுதான் சட்டம். பின்னால் முதல் பஸ் வந்து நின்று ஹாரன் அடித்தது. அதன் பின்னால் இரண்டாவது. ரோட்டில் வத்தலக்குண்டு போகிற பஸ்ஸும் சேர்ந்துகொண்டது. அந்த டிரைவர் சொன்னது இங்கே எழுதக்கூடியதல்ல. தாளாளர் காரைப் பின்னால் எடுத்து வெளியே சுவரோரமாக வெயிலில் விட்டுவிட்டு நடந்து வந்தார்.

சாயங்காலம் கூப்பிட்டார். போட்டி முடிகிற வரைக்கும்தான், அப்புறம் பிடுங்கிவிட வேண்டும் என்றார். நான் போட்டித் தேதியை மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

சுற்றுவட்டாரப் பள்ளிகள் ஆடுகிற குறுவட்டப் போட்டியில் ஜெயித்தோம். மாவட்டத்தில் அரையிறுதி வரைக்கும் போய்த் தோற்றோம். எதிர் அணிப் பிள்ளைகள் எங்களைவிட நன்றாக ஆடினார்கள், அவ்வளவுதான். கேப்டன் அழவில்லை. பஸ்ஸில் வரும்போது பாதி வழி தூங்கிவிட்டாள்.

மறுநாள் தாளாளர் ஒரு பத்திரிகைக்காரரை வரவழைத்தார். படம் டர்ஃபில்தான் எடுக்க வேண்டும் என்றார். மத்தியானம் இரண்டு மணி. அன்றைக்குத் தண்ணீர் லாரி வரவில்லை. பிள்ளைகள் வெறுங்காலோடு நின்றார்கள்.

"சிரிங்கம்மா" என்றார் படமெடுப்பவர்.

"சுடுது சார், வெரசா எடுங்க" என்றாள் கேப்டன், குறுவட்டக் கோப்பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு.

படத்தில் எல்லாரும் சந்தோஷத்தில் துள்ளிக் குதிப்பதுபோல் விழுந்திருக்கிறது. கீழே, செயற்கைப் புல்தரையில் பயிற்சி பெற்ற மாணவிகள் என்று போட்டிருந்தார்கள். தாளாளர் அதைச் சட்டம் போட்டு அலுவலகத்தில் மாட்டினார். அதற்கப்புறம் கம்பத்தைப் பிடுங்கச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. கார் இன்றைக்கும் வெளியேதான் நிற்கிறது.

அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு இந்த வருஷம் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் நிறையப் பேர் கோ-கோவுக்கு வந்தார்கள். செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு நேரே டர்ஃபைப் பார்த்து ஓடினார்கள். விசில் ஊதி நிறுத்தி, திருப்பி, பஸ் நிற்கிற இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

"இங்கயா மிஸ்?" என்றாள் ஒருத்தி, ஆயில் கறையைப் பார்த்து.

"இங்கதான். குந்து" என்றேன்.